நாலாவது வளைவில் காட்டிய சிவப்புக் கொடி

உங்கள் சித்தி பத்து மணிக்குள் மலையுச்சிக்குப் போய்ச் சேராததற்கு நான்தான் காரணம் என்று என் மகள்கள் நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில நிமிஷம் எனக்குள் என்ன ஓடியது என்று உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக் கொள்ளட்டும். மலையாளப் பள்ளியில் படிக்கிற உங்களுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாக வாசியுங்கள், அவசரமில்லை.

சித்தி ஓட்டியது ஒரு ராலி. முதலில் வருபவருக்குப் பரிசு தரும் பந்தயம் இல்லை அது. கோயம்புத்தூரில் முந்தின நாள் காலையில் பைக்கில் புறப்பட்டு, மலை ஏறி இறங்கி, மதுரை சுற்றி, தென்காசி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்குள் பொன்முடி உச்சியில் கார்டில் சீல் வாங்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தூக்கமில்லை. சாதாரண ரோட்டில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டும். சிக்னல், ரயில்வே கேட், போலீஸ், கொடி எதை மீறினாலும் அன்றோடு சரி. நின்ற நேரத்தையும் திருப்பித் தர மாட்டார்கள். ரோடு வேலைக்காக நிறுத்தினால் மட்டும் கழித்துக் கொள்வார்கள். இதையெல்லாம் சித்திதான் நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

போன வருஷம் விதுரைக்கு இந்தப் பக்கம் செயின் அறுந்து, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கழக்கூட்டத்து ஆபீசில் லீவு சேர்த்துச் சேர்த்து இந்த வருஷம் மறுபடியும் போனாள். இதை முடித்தவர்களுக்குத்தான் வடக்கே பெரிய மலைகளில் நடக்கிற ஓட்டத்தில் சேர இடம். அந்த மலைகளின் படம் அவள் ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு சீல்.

இனி என் வேலை. அப்பா ரோட்டில் கொடி காட்டுகிறார் என்று பள்ளியில் சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. எனக்குத் தெரியும், பரவாயில்லை. ஆனால் அது சும்மா நிற்கிற வேலை இல்லை. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டால் மீதிப் பாதியில் இரண்டு பக்க வண்டியும் மாறி மாறிப் போக வேண்டும். இந்த முனையில் நான் நின்றால் அந்த முனையில் இன்னொருவர் நிற்பார். நடுவில் வளைவு இருந்தால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய மாட்டோம். அதனால் கடைசியாக விடுகிற வண்டியின் டிரைவரிடம் இலையோடு ஒரு கொப்பை ஒடித்துக் கொடுத்துவிடுவோம். அந்தக் கொப்பு அடுத்த முனைக்கு வந்து சேர்ந்தால்தான் வழி காலி. அதுவரை சிவப்புதான். ஆம்புலன்ஸ் தவிர யார் வந்தாலும், காரில் இருந்து எப்படித் திட்டினாலும் சிவப்புதான். பதினோரு வருஷமாக இந்தக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

பொன்முடி ரோட்டில் நாலாவது ஹேர்பின் வளைவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மழைக்கு முன்னால் அங்கே மண் சரிந்து, தடுப்புச் சுவர் கட்டி முடிக்கும்வரை இரண்டு மாசம் நான் கொடியோடு நின்ற இடம் அது. கீழே இருந்து வருகிற வண்டி நன்றாகத் தெரியும். மேலே இருந்து வருவது, பக்கத்தில் வரும்வரை தெரியாது.

அன்று விடிந்ததும் பஸ் ஏறி, கல்லாற்றில் இறங்கி, ஆட்டோ பிடித்து நாம் நால்வரும் அங்கே போனோம். தூறல். ரோட்டோரப் புல் முழுக்க அட்டை. அம்மா உப்புப் பொட்டலத்தோடு உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுவதற்குக் கொடி வேண்டும் என்று இளையவள் கேட்டதால் என் வேலைக் கொடிகளைக் கொண்டுவந்திருந்தேன். பச்சையை அவளிடம் கொடுத்தேன். சிவப்பு என் பையிலேயே இருந்தது. இரண்டும் ஒரே ரப்பர் வளையத்தில் சுருட்டி வைத்தவை, அதனால் கூடவே வந்துவிட்டது. வேறு நோக்கம் ஒன்றும் இல்லை.

முதல் வண்டி எட்டரை மணிக்கு வந்தது. இளையவள் பச்சையை ஆட்ட, அந்த ஆள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். பின்னால் இரண்டு பேர், கொஞ்சம் கழித்து ஒருவர். எல்லார் மேலும் சேறு. ஒருவர் மட்டும் நம்மைப் பார்த்து, "சாயா கிட்டுமோ சேட்டா?" என்று டீ கேட்டுக் கத்திக்கொண்டே வளைந்தார். நாம் சிரித்தோம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நம் சிரிப்பும் நின்றுவிட்டது.

அங்கே போனில் சிக்னல் இல்லை. சித்தி எங்கே வருகிறாள் என்று பார்க்க வழியில்லை. அந்த வளைவிலிருந்து உச்சிக்கு, நனைந்த ரோட்டில், அரை மணி நேரம் வேண்டும். ஒன்பது பத்துக்கு மூத்தவள் சொன்னாள், "இன்னும் இருபது மினிட் இருக்கு." ஒன்பது இருபதுக்கு அவள் கடிகாரத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "விழுந்து கிழுந்து தொலைச்சிருப்பாளோ?" என்றாள். "உன் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரி" என்றேன். எனக்கும் அதே நினைப்புதான்.

ஒன்பது இருபத்தேழுக்குக் கீழே சத்தம் கேட்டது. அந்த வண்டியின் சத்தத்தை நம் தெருவில் வாரா வாரம் கேட்கிறோம்.

"சித்தி" என்றாள் இளையவள். பச்சை அவள் கையில் ஆடத் தொடங்கியது.

அதே நேரம் மேலே இருந்து ஒரு ஹாரன். நீளமாக, இரண்டு தடவை. பஸ். அந்த வளைவில் பஸ் திரும்ப வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு மாசம் நான் பார்த்தது. கீழே இருந்து ஏறுகிறவளுக்கு ஹெல்மெட்டுக்குள் அந்த ஹாரன் கேட்டதோ இல்லையோ. இருபத்தாறு மணி நேரம் தூங்காதவள்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் கை பைக்குள் போனது. ரப்பர் வளையம் தெறித்தது. நான் ரோட்டு நடுவில் நின்று சிவப்பை விரித்துப் பிடித்தேன்.

அவள் பிரேக் பிடித்தாள். பின்சக்கரம் இலையில் வழுக்கி ஒரு முழம் பக்கவாட்டில் போய் நின்றது. கால் ஊன்றிவிட்டாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"அத்தான், என்ன?"

"பஸ் வருது. நில்லு."

"எங்க?"

"மேல. ஹாரன் கேட்டுது."

நின்றோம். பஸ் வரவில்லை. தூறல் கண்ணாடி மேல் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா வளைவு ஓரம் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே. ஏங்க, அவளை விடுங்க" என்றாள்.

"வரும்."

மூத்தவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, மதி, போதும். ஒரு மினிட் ஆச்சு. சித்தி பொய்க்கோட்டே, விடுங்க."

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது விட்டிருக்கலாம். ஆனால் நேரம் போகப் போக விடுவது இன்னும் கடினமாகியது. ஹாரன் அடித்த பஸ் எங்கேயோ இருக்கிறது. இன்னும் வரவில்லை என்றால் இனிமேல்தான் வரும். ஒவ்வொரு நொடியும் அது வளைவை நெருங்கிக்கொண்டுதான் இருக்கும். மேல் முனையில் எனக்கு ஆள் இல்லை. கொப்பு வரவில்லை. கொப்பு வராமல் பச்சை காட்ட எனக்குத் தெரியாது.

சித்தி என்னிடம் கெஞ்சவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வாட்சைப் பார்த்தாள். இளையவள் அழத் தொடங்கியிருந்தாள். பச்சைக் கொடி அவள் கையில் நனைந்து தொங்கியது.

"அத்தான், ஏன் அசையாம நிக்கிறீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள் சித்தி. நான் கொடியைத் தாழ்த்தவில்லை.

பிறகு பஸ் வந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. மேலே எஸ்டேட் பக்கம் ஆள் இறக்க நின்றிருக்க வேண்டும். மெதுவாகத்தான் வந்தது. வளைவைத் திரும்பி நம் பக்கம் வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். சுவர் கட்டின காலத்தில் தினமும் கொப்பு கொண்டுவந்து தந்தவர்களில் ஒருவர். முகம் மலர்ந்து போனார்.

"எந்தா சேட்டா, பின்னேயும் பணி தொடங்ஙியோ?" என்று, மறுபடி வேலை தொடங்கிவிட்டதா என்று கேட்டுவிட்டு, பழைய வழக்கத்தை மறக்காமல், "பின்னில் வண்டி ஒந்நும் இல்ல, கேட்டோ" என்றார்.

பின்னால் வண்டி இல்லை என்ற அந்த வார்த்தைதான் எனக்குக் கொப்பு. நான் விலகினேன். "காலி, போ" என்றேன். சித்தி கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். நாம் யாரும் கை தட்டவில்லை.

அதன்பின் ஒன்றே கால் மணி நேரம் நாம் அங்கேயே நின்றோம். இளையவள் காலில் அட்டை ஏறியதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

சித்தி இறங்கி வந்து, நம் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூத்தவள்தான் கேட்டாள். "கிட்டிச்சா?"

"பத்து ரெண்டு" என்றாள் சித்தி.

இரண்டு நிமிஷம். நான் மூன்று நிமிஷம் நிறுத்தியிருந்தேன். அம்மா பிளாஸ்கைத் திறந்து தங்கைக்குச் சாயா ஊற்றினாள்.

"கீழ எதோ வளைவுல கொடி காட்டி நிறுத்தினாங்களாமே, ரோடு வேலையான்னு மேல ஒரு சார் கேட்டாரு" என்றாள் சித்தி, கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "இறங்கிப் போன பஸ் டிரைவர் கீழ நின்ன ராலி ஆள்கிட்டச் சொல்ல, அவரு மேல போன் பண்ணியிருக்காரு. ஆமான்னு சொன்னா நேரத்தைக் கழிச்சுச் சீல் போட்டுடுவாராம்."

"நீ என்ன சொன்ன?" அம்மா கேட்டாள்.

"ரோடு வேலை இல்ல சார், அது எங்க அத்தான்னேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு ஆமா சொன்னா உன் நாக்கு தேஞ்சிருமாடி?"

"அவரும் சிரிச்சாரு" என்றாள் சித்தி. "சீல் போடல."

"என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தான்" என்றாள். அவ்வளவுதான். சாயாவைக் குடித்து முடித்துவிட்டு அங்கேயே தடுப்புச் சுவரில் சாய்ந்து தூங்கிப் போனாள். நான் அவள் தலைமேல் குடை பிடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். பஸ் போனபோது பக்கத்தில் இரண்டு பைக் போகிற இடம் இருந்தது என்றாள் மூத்தவள். இல்லை, சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சுவர் ஓரம் வரை போனது, நான் பார்த்தேன் என்றாள் இளையவள். இரண்டு பேரும் அதையே என்னிடம் கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேனே, வேலை ஒன்றும் இல்லை. பொன்முடிக்குப் போனேன். மேலே போய், கீழே வருகிற பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த வளைவைப் பார்த்தேன். அதன் டிரைவர் வேறு ஆள், வளைவை ஒடுக்கி எடுத்தார். ஒரு பைக் தாராளமாகப் போகலாம். மனசு உடைந்துவிட்டது. கல்லாற்றில் இறங்கி, மறுபடி மேலே போய், அடுத்த பஸ்ஸில் வந்தேன். அது ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒரு சைக்கிளுக்குக்கூட இடம் இல்லை. ஆளைப் பொறுத்து வண்டி திரும்புகிறது.

அன்று வந்தவர் எப்படி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வருகிற வண்டியைப் பார்க்காமல், நிறுத்தி வைத்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இன்னொரு தடவை அப்படி நடந்தால் நிறுத்துவீர்களா என்று மூத்தவள் கேட்டாள். நிறுத்துவேன். அது சரியா என்று கேட்டால், தெரியாது.

சித்தி மறுபடியும் பேர் கொடுத்திருக்கிறாள். போன வாரம் வந்து சொன்னாள்: "எல்லாரும் வரணும். ஆனா வளைவு வேண்டாம். கல்லாறுப் பாலத்துக்கு இப்புறம் நேர் ரோட்டுல நில்லுங்க. அத்தான் வெறுங்கையா வரணும், கேட்டோ."

சரி என்றேன். கொடிகளை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.