சிவப்புத் தட்டும் நீலச் சீட்டும்

செவ்வந்தி தலை நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சிவப்புத் தூண் டி.வி.யின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. காலை பத்து மணி. பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் கம்பெனியில் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். அவமானத்துக்குச் சாட்சிகள் குறைவில்லை.

சின்ன முதலாளி ரவிதேஜா புதிதாக வாங்கிய ஏ.ஐ. ஏஜென்ட் வரைந்த சார்ட் அது. என்ன வேண்டுமென்று தமிழில் எழுதினால் போதும். பதிவுகளை அலசி, ஒரு சார்ட் வரைந்து, டாஷ்போர்டில் விட்ஜெட் என்கிற சதுரமாகச் சேர்த்துவிடும். எந்த ஷிப்டில் ரிஜெக்ட் அதிகம் என்று மேனேஜர் கோபாலசாமி கேட்டிருந்தார். பகல் ஷிப்ட் என்றது சார்ட். பகல் ஷிப்ட் என்றால் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்யும் ஒன்பது பெண்களும் அவர்களின் சூப்பர்வைசர் செவ்வந்தியும்தான்.

"பாருங்க அம்மணி, மெசினே சொல்லிப்போட்டுது. நான் சொன்னாத்தான் பொல்லாப்பு" என்ற கோபாலசாமி, ரவிதேஜா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "களை வெட்டுன கைல கம்பியக் குடுத்தா இப்படித்தானுங்க தம்பி."

அடுத்த மாதத்திலிருந்து பகல் ஷிப்டைக் காண்ட்ராக்டில் விடப்போவதாக ரவிதேஜா அறிவித்தான். பத்துக் குடும்பத்தின் அடுப்பு ஒரே வாக்கியத்தில் அணைந்தது.

செவ்வந்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சூலூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய பாவாத்தாளின் மகள்தான் அவள். பத்தொன்பது வயதில் இங்கே வந்து, மோட்டாரின் இரும்பு வளையமான ஸ்டேட்டரின் பள்ளங்களில் செப்புக் கம்பியை அழுத்தி அழுத்தி இரண்டு கட்டைவிரல்களிலும் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவளை அடையாளம் தெரியாமல் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. கட்டியவன் வேறு ஊரில் வேறொருத்தியோடு குடியேறிய பிறகு, மகள் இனியாவை நர்சிங் படிக்கவைப்பதும் இந்த விரல்கள்தான்.

கண்ணில் முட்டிய நீரினூடே சார்ட்டின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். 'பதிவு செய்த நேரப்படி.' பதிவு செய்வது யார், எந்த நேரத்தில் என்று அவளுக்குத்தான் தெரியும்.

மாலை ஷிப்ட் ஆண்கள், டெஸ்டில் தேறாத ஸ்டேட்டர்களைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவற்றை டேப்லெட்டில் பதிவது செவ்வந்தி. அது அவள் வேலையே அல்ல. ஆறு வருஷத்துக்கு முன் கோபாலசாமிதான், பசங்களுக்குப் பஸ் போயிருமுங்க கண்ணு, காலைல நீங்களே எழுதிப்போடுங்க என்று தேனாகப் பேசினார். மறுத்துப் பழகாத வாய் "சரிங்க" என்றது. அந்த ஒரு சொல்தான் இன்று தூணாக நின்றது. எட்டு மணிப் பதிவையெல்லாம் ஏஜென்ட் பகல் ஷிப்டின் தலையில் கட்டியிருந்தது.

இது கோபாலசாமிக்குத் தெரியாதா? அவர் கண்கள் டி.வி.யை விட்டு நகரவே இல்லை.

தானும் ஒரு சார்ட் கேட்க வேண்டும் என்றாள் செவ்வந்தி. அதெல்லாம் உங்களுக்கெதுக்கு என்று கோபாலசாமி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கேட்கட்டும் என்றான் ரவிதேஜா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஒவ்வொரு ஸ்டேட்டரிலும் ஒரு சீட்டு தொங்கும். பகலில் சுற்றியதற்கு மஞ்சள், மாலையில் சுற்றியதற்கு நீலம். அந்தச் சீட்டு நம்பரையும் அவள் ஒருநாள் தவறாமல் பதிந்திருந்தாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள்: 'சீட்டு நம்பரப் பாத்து, சுத்துன ஷிப்ட் வாரியா இன்னொரு சார்ட் போடுங்க.' மெஷினுக்கும் மரியாதையா என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நூறில் தொடங்கும் சீட்டு நம்பர் பகல், ஐந்நூறில் தொடங்குவது மாலை என்று கொள்ளலாமா என ஏஜென்ட் கேட்டது. 'ஆமாங்க' என்று அடித்தாள்.

சிவப்புத் தூணுக்குப் பக்கத்தில் இரண்டாவது விட்ஜெட் வந்து உட்கார்ந்தது. அதில் மாலை ஷிப்ட் உச்சியைத் தொட்டது. பகல் ஷிப்ட் அதன் கணுக்காலுக்குக்கூட எட்டவில்லை.

பின்னால் சிரித்தவர்கள் டி.வி.யை நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"அந்த ரெண்டாவத எடுத்துப்போடச் சொல்லுங்க தம்பி. ரெண்டு இருந்தாக் கொழப்பமுங்க" என்றார் கோபாலசாமி.

ரவிதேஜா முதலாவதை அழித்தான். காண்ட்ராக்ட் பேச்சு இப்போதைக்கு வேண்டாம் என்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் உதட்டுக்கு வரவில்லை. மாலை ரிஜெக்டைக் காலையில் ஏன் எழுதினீர்கள் என்று அவளைத்தான் அதட்டினான்.

"அவர் கேட்டாருங்க. செஞ்சுபோட்டேனுங்க. இனி மாட்டேனுங்க."

மறுநாள் எட்டு மணிக்குச் சிவப்புத் தட்டு வழக்கமான இடத்தில் நிரம்பிக் கிடந்தது. பக்கத்தில் கோபாலசாமி. ஷூ நுனியால் தட்டை அவள் காலடிக்குத் தள்ளினார்.

"எழுதுங்க அம்மணி."

செவ்வந்தி டேப்லெட்டை எடுத்து, நீலச் சீட்டுகளின் மேல் மெதுவாக வைத்தாள்.

"உங்க பசங்க ஒரு பஸ்ஸ உட்டுப்போட்டு எழுதட்டுமுங்க."

அவர் முகம் கறுத்தது. அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, மஞ்சள் சீட்டு கட்டிய ஸ்டேட்டரை மடிக்கு இழுத்து, ரேகையில்லாத கட்டைவிரலால் கம்பியை அழுத்தினாள்.