விடியலில் கொடுத்த மாத்திரை

புராஸ்டேட் வீங்கியிருந்த நாராயணசுவாமிக்கு டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். “ஒண்ணு வீக்கத்தைச் சுருக்கும், பலன் தெரிய ஆறு மாசமாவும். இன்னொண்ணு அங்க இறுகிக்கினு இருக்கிற தசையைத் தளர்த்தும். சில நாள்லயே சுகம் தெரியும். ஆனா பிரஷரை இறக்கும், எழுந்தா தலை சுத்தும். ராத்திரி படுக்கப்போறப்போ குடுங்கம்மா,” என்று மனைவி காமேஸ்வரியிடம் சொன்னார்.

ராத்திரி கொடுத்து என்ன புண்ணியம்? அவர் அவதிப்படுவது காலையில் அல்லவா! மலைக்கோயில் மடப்பள்ளியில் பொங்கல் வைக்கிறவர். ஒன்றுக்குப் போய்வந்தால் மறுபடி குளித்துத்தான் அடுப்பண்டை போகலாம். அந்த மார்கழியில் ஒரு காலைக்கு ஐந்து குளியல். பார்க்கச் சகிக்காமல், தளர்த்துகிற மாத்திரையை அவர் விடியலில் கிளம்பும்போதே கொடுத்துவிட்டாள்.

நான்காம் நாள், அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு எழுந்தவர் கண் இருட்டி விழுந்தார். வலது கை கொதிக்கிற உலையில் வெந்துபோயிற்று.

“அவசரத்துல அரைகுறையா குளிச்சேன். முருகன் தண்டிச்சுட்டான்,” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மத்தியானம் காமேஸ்வரி சோறு ஊட்டும்போது, “நேரம் தவறாம மாத்திரை குடுத்தியே, நீ இல்லேன்னா என் கதி என்ன?” என்றார்.

அவள் அவசரமாக அடுத்த கவளத்தை அவர் வாயில் திணித்தாள்.