பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு

எங்கள் பள்ளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் மூணாங்கிளாஸ் டீச்சர். ஆசிரியர் அறையில், அவர் இல்லாத நேரங்களில், ஃபயர் சர்வீஸ். அவர் உள்ளே நுழைந்தால் யாராவது டீ கெட்டிலைப் பார்த்து, "வந்துட்டாங்க, அடுப்ப அணைங்கப்பா" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். நேரே போய் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் இந்தப் பக்கம் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பக்கம் அவர் சத்தம் போடுவது கேட்கும். பிள்ளைகளை அல்ல. சுவிட்ச் போர்டை ஒட்டி யாரோ மாட்டிய படத்தை, ஒரே பிளக்கில் சொருகிய மூன்று வயர்களை, மின்விசிறிக்குக் கீழே தொங்கும் காகித நட்சத்திரத்தை.

"இந்த ஸ்கேல் நீளத்துக்கு சுவிட்ச் பக்கத்துல ஒரு தாள் இருக்கக் கூடாது. யார் ஒட்டினாலும் கிழிங்க. நானே ஒட்டினாலும் கிழிங்க."

முன்பு அவர் இப்படி இல்லை. தலையில் சாக்பீஸ் தூளோடு வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷிதான். போன வருடம் ஆண்டுவிழாவுக்காக வகுப்பு முழுக்கக் காகிதச் சங்கிலி கட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம் மின்விசிறி ரெகுலேட்டரில் பொறி பறந்தது. சங்கிலி பற்றிக்கொண்டது. ஒரு வரியை வாசிப்பதுபோல நெருப்பு இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் அதை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டு மிதித்தார். நான் ஓடி வருவதற்குள் தீ அணைந்துவிட்டது.

ஆனால் அது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே கதவில் போய் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் சிக்கிய ஒரு சின்னப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அந்த அறைக்கு இன்னொரு கதவு உண்டு. பின்பக்கம். பிள்ளைகள் அது வழியாகக் குழாயடிக்கு ஓடுகிறார்கள் என்று எப்போதோ வெளியே பூட்டுப் போட்டார்கள். பூட்டிய கதவுதானே என்று உள்ளே ஒரு இரும்பு பீரோவை அதன் மேல் சாய்த்து வைத்தார்கள். பீரோ காலியாக இருக்கிறதே என்று பழைய விடைத்தாள்களை அதில் திணித்தார்கள். தீக்கு வேண்டியதையெல்லாம் நாங்களே அடுக்கி, தப்பிக்கிற வழியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

தீப்பட்ட கையில் கட்டோடு டீச்சர் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அம்மா தலைமையாசிரியரிடம் வந்தாள். அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்: "டீச்சருக்கு ஷாக்மா. கொஞ்சம் புகைதான். பின்கதவா? அதெல்லாம் நெனச்சா ஒரு நிமிஷத்துல திறந்துடலாம்." அவர் தலைக்குப் பின்னால் சுவரில் தீயணைப்புக் கருவி தொங்கியது. புதுசு கெடக் கூடாது என்று வாங்கின நாளின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கழற்றவிடவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் தினமும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், கதவு."

"பாத்துக்கலாம் டீச்சர்."

"எப்ப சார்?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்களேன்."

ஒருமுறை டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் பஸ் டிரைவர். சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல எல்லாத்துக்கும் லீவு உண்டு தம்பி, உங்க டீச்சர் கோவத்துக்கு மட்டும் கெடையாது. கல்யாண நாளும் அதுவுமா டிப்போவுக்கு வந்து, உங்க பஸ்ல அவசர வழின்னு எழுதியிருக்கே, அதத் திறந்து காட்டுங்கன்னு நிக்கறா. என் மானமே போச்சு."

"திறந்துச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கணவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் என்ன சிரிப்பு?"

இந்த வருடம் தீ பாதுகாப்பு வாரம் வந்தது. சிறப்பாக அலங்கரித்த வகுப்புக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். டீச்சர் முடியாது என்றார். அவர் விடுப்பில் இருந்த நாளில் ஓவிய ஆசிரியரை விட்டுச் செய்தார்கள். அட்டையில் வெட்டிய பெரிய தீச்சுவாலை, அதற்குள் மினுக்கும் சீரியல் பல்பு, மேலே பஞ்சில் புகை, தெர்மாகோலில் 'தீயைத் தடுப்போம்'. எல்லாவற்றையும் பீரோவின் மேலிருந்து பின்கதவின் நிலைவரை ஆணியடித்து மாட்டினார்கள். மறுநாள் டீச்சர் வந்து அதன் முன்னால் நின்றார். சத்தம் போடுவார் என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பரிசு நாளன்று தாளாளரும் சில பெற்றோரும் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். மணிக்கட்டு முறிந்த பெண்ணின் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். படம் பிடிக்க என்னைச் சொல்லியிருந்தார்கள். தலைமையாசிரியர் கையை விரித்து, "இப்ப நம்ம பிள்ளைங்க தீ ஒத்திகை செஞ்சு காட்டுவாங்க" என்றார். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து வரிசை கட்டினார்கள்.

டீச்சர் முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"கண்ணுங்களா, பயப்படாதீங்க, நெஜத் தீ இல்ல. ஆனா இந்தக் கதவுல தீ. இப்ப எப்படிப் போவீங்க?"

வரிசை அப்படியே திரும்பிப் பின்பக்கம் போனது. முதலில் நின்ற பெண் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "டீச்சர், பீரோ."

"டீச்சர், போதும். கதவத் திறங்க" என்றார் தலைமையாசிரியர், பல்லைக் காட்டியபடியே.

"என்கிட்ட சொல்லி என்ன சார்? தீகிட்ட சொல்லுங்க."

தாளாளருக்கு இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைப்பு. "நல்லாருக்கே, நெஜம் மாதிரியே" என்று சிரித்தார். "திறங்கய்யா பின்கதவ, பாப்போம்."

தலைமையாசிரியர் ஜன்னலுக்குப் போய்க் கம்பி வழியாக வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "பின்கதவு சாவி எங்கய்யா?"

"உங்க மேஜ டிராயர்ல சார்."

"எடுத்துட்டு வா."

"டிராயர் பூட்டியிருக்கு சார். சாவி உங்க கிட்டதான்."

தலைமையாசிரியர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பிக்கு நடுவே விரலை நுழைத்து சாவியைக் கொடுத்தார்.

அதற்குள் அப்பாக்கள் பீரோவைத் தள்ளப் பார்த்தார்கள். அது அசையவில்லை. விடைத்தாள் கட்டுகளை இறக்கிக் குவித்தார்கள். தாளாளரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோள் கொடுத்தார். பல்பு வயர் அறுந்தது, தெர்மாகோல் எழுத்துகள் பொலபொலவென்று கொட்டின. அறை புழுங்கியது. சிரிப்பு நின்றிருந்தது. நான் படம் எடுக்க மறந்துபோனேன்.

பீரோ நகர்ந்தது. வெளியே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. தாளாளர் கதவைத் தள்ளினார். ஒரு விரல் அகலம் திறந்து இடித்து நின்றது.

"உடைஞ்ச பெஞ்செல்லாம் கதவ ஒட்டி அடுக்கியிருக்கு சார்" என்று வெளியிலிருந்து வாட்ச்மேன் குரல். "ஒத்த ஆளால முடியாது."

அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் வந்தாள். மகளின் கையை, அந்த மணிக்கட்டுக்கு மேலே, பிடித்திருந்தாள்.

"ஒரு நிமிஷத்துல திறந்துடலாம்னு சொன்னீங்களே சார்."

அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"திறங்க சார். நான் இங்கயேதான் நிக்கறேன்."

அப்போதுதான் டீச்சர் முன்கதவின் தாழை நீக்கினார். "எல்லாரும் போய் பெஞ்சைத் தூக்குங்க. பின்கதவு திறந்தப்புறம் என் பிள்ளைங்க அது வழியா வெளிய வருவாங்க. வர்ற வரைக்கும் ஒத்திகை முடியல." தாளாளரே முதலில் வெளியேறிச் சுற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் குனிந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, பின்கதவு வழியாக வெயிலுக்கு வந்தார்கள்.

அன்று சாயங்காலமே எல்லா வகுப்புகளின் பின்பூட்டுகளையும் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்றும். விருந்தாளிகளை அடைத்து வைத்த குற்றத்துக்காக டீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டார்கள். "புத்தகங்களுக்கு நடுவுல நிம்மதியா இருங்க" என்றார் தலைமையாசிரியர். "பேப்பரா குவிஞ்சிருக்கற எடம் சார் அது. அதுக்கு எத்தன கதவு?" என்று கேட்டுவிட்டுப் போனார் டீச்சர்.

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவள்தான். பிள்ளைகள் நெருக்கி உட்காருகிறார்கள் என்று போன வாரம் ஒரு பெஞ்சை இழுத்துப் பின்கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தாள். காலையில் பாடம் நடக்கும்போது அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. டீச்சர் நின்றிருந்தார். நூலகத்துக்குப் போகிற வழியில் தினமும் எல்லாப் பின்கதவுகளையும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கமாகிவிட்டது. வழியை மறித்துக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். அனுமதி கேட்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பே வாய்பாட்டை நிறுத்திவிட்டது.

"கோவமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஆமா. அந்த முனையப் பிடி."