செங்கல் மேல் நின்ற கார்

எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. பிறவிக் குணம். என் வீட்டுக்காரர் தன் வாடகைக் காருக்கு அடியில் படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தே எனக்கு உயிர் போகும். வெளியே தெரிவது அவருடைய பாதங்கள் மட்டும். அவை அசைகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் குழம்பைக் கிளறுவேன்.

நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் அப்போது எதற்கெடுத்தாலும் செங்கல்தான். சூளைகள் பக்கத்திலேயே இருந்ததால் உடைந்ததும் கோணலானதும் சும்மா கிடைக்கும். கட்டிலுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செங்கல். இவரும் அப்படித்தான். ஜாக்கியின் உயரம் போதவில்லை என்று அதன் தலைமேல் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் காரின் அச்சைத் தூக்கி நிறுத்துவார்.

அன்று கிள்ளான் ஊருக்குக் கல்யாணச் சவாரி. பெண் வீட்டார் வருவதற்குள் பின்பக்க பிரேக்கைச் சரிசெய்தாக வேண்டும். வழக்கம்போல் செங்கல் வைத்துக் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அவசர அவசரமாகக் குனிந்தார்.

"ஏங்க, அந்தக் கல்லு வேணாங்க. நேத்து என் அடுப்புக்கல்லு ரெண்டாப் பொளந்து சோத்துப்பானையே கவுந்துச்சே, பாத்தீங்கல்ல?"

"அது நெருப்புல கெடந்து வெந்த கல்லு. இது நல்ல கல்லு. ஊரே இதுமேலதான் நிக்குது. போய் வேலையப் பாருடி."

சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை ஆட்டிப் பார்க்கலாம் என்றால் ஆள் அடியில் இருக்கிறார். கெஞ்சினேன், திட்டினேன். அடியில் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. கல்லிலிருந்து சிவப்புத் தூள் உதிர்வதுபோல் தெரிந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படியோ என்னவோ.

"ஏங்க! கல்யாண வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!" என்று கத்தினேன். பச்சைப் பொய்.

பதறிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். "எங்கடி? யாரையும் காணோமே?" என்று தெருவைப் பார்த்தார். மட்கார்டில் இரண்டு கைகளையும் வைத்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினேன். கல் நொறுங்கியது. கார் தொம்மென்று தரையில் விழுந்தது.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பாவி மனுஷா, பாவி மனுஷா" என்று அவர் தோளில் மாறி மாறி அடித்தேன். அழுகையா ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை. அவர் தடுக்கக்கூட இல்லை. கல்யாண வீட்டார் வேறு காரில் போனார்கள். போகட்டும்.

பிறகு ரயில்வேயில் வேலை செய்த என் அண்ணனிடம் சொல்லி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்கி வந்தார். அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, ஒரு துண்டின் அடியில் ஜாக்கித் தலை பொருந்தக் குழி குடைந்தார். மேலே அச்சு நழுவாமல் உட்கார ஒரு பள்ளம். மற்ற துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தூக்கிய அச்சை அவற்றின்மேல் இறக்கினார். ஜாக்கி இனித் தூக்குவதற்கு மட்டும்தானாம். தரையில் இருந்த சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தார்.

"வா, வந்து தள்ளிப் பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூச்சு வாங்கத் தள்ளினேன். கார் அசையவில்லை.

"இப்ப அடியில போகட்டுமா?"

அதுவரை அவர் என்னிடம் எதற்கும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. நான் குனிந்து ஒவ்வொரு கட்டையையும் தொட்டு அழுத்திப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "போங்க, சீக்கிரம் வந்துடுங்க" என்றேன், ஏதோ வெளியூருக்கு அனுப்புவதுபோல. அவர் வெளியே வரும்வரை மட்கார்டிலிருந்து என்னால் கையை எடுக்க முடியவில்லை.