மூக்கில்லாத சன்னங்கள்

ஹனோவரில் எங்கள் வீட்டு நிலவறையில் நான் செய்வது சட்டப்படி சரியான வேலைதான். பரீட்சை எழுதி அனுமதி எடுத்திருக்கிறேன். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி இருக்கிறது. ஆனாலும் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற அந்தப் புரட்டாதி முழுக்கக் கள்ளனைப் போலத்தான் படியிறங்கினேன்.

வேலையிடத்து நண்பன் ஒருவன்தான் என்னைத் துப்பாக்கிச் சுடுகழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மற்றவர்கள் கடையில் துப்பாக்கி ரவை வாங்குவார்கள். எனக்கு விசர், நிலவறையில் ஒரு கைமெசின் வைத்து நானே செய்வேன். அதுவும் முனை தட்டையான சன்னம் வைத்து. சன்னமென்றால் ரவையிலிருந்து பாய்கிற ஈயக் குண்டு. உருண்டை முனை இலக்குக் கடதாசியைக் கிழித்துவிடும். தட்டை முனை அச்சுக் குத்தியதுபோல வட்டமாக வெட்டும். கரைச்சல் என்னவென்றால், பிஸ்டல் உருண்டை முனைக்குப் பழகியது. தட்டை முனை, ரவை அடுக்கும் மகசினிலிருந்து ஏறும்போது குழல் வாசலில் முட்டி நின்றுவிடும். அதனால் வெடிமருந்தில்லாத வெற்று ரவைகள் செய்து, சன்னத்தை மயிரிழை அளவு உள்ளே தள்ளித் தள்ளி, கையால் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவின் மூத்த மகன் கடைசிச் சண்டையில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவன். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? "கீழை சின்னச் சின்னச் சாமான் செய்யிறன் அக்கா" என்று சொல்லிவைத்தேன்.

மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு ஏசினாள். "அவவுக்குத் தெரிஞ்சால் இந்த வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடியா. சொல்லிப்போட்டன்."

சரஸ்வதி பூசையன்று படத்துக்கு முன்னால் அவல், கடலை, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் வைத்தாயிற்று. தொழில் சாமானுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதை நான் மறந்துபோனேன். அக்கா மறக்கவில்லை. நான் கீழே வெற்று ரவைகளை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தனக் கிண்ணத்தோடு படியிறங்கி வந்தார்.

"தம்பி, உன்ர மெசினுக்கும் ஒரு பொட்டு வைப்பம்."

பிஸ்டலின் மேல் துணியைப் போட்டேன். தட்டில் கிடந்த ரவைகளை மறைக்க நேரமில்லை. அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இதுக்கு ஏன் மூக்கில்லை?"

"கடதாசிக்குத்தான் அக்கா சுடுறது. இப்பிடி இருந்தால் ஓட்டை வட்டமா, வடிவா விழும்."

ஐயோ, என் வாயில் மண்ணை அள்ளிப் போட!

"என்ர பிள்ளையின்ர நெஞ்சிலையும் வட்டமாத்தான் இருந்தது" என்றார் அக்கா. "வடிவெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

ரவையைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைக்கவென்று வந்துவிட்டு வைக்காமல் போகக்கூடாதாம். மேலே வந்து எல்லோருக்கும் அவல் போட்டுத் தந்தார். தான் தொடவில்லை. பசியில்லை என்றார். நான் இரண்டாம் தரமும் கேட்டேன். "ஏலாது தம்பி" என்றார்.

அக்கா ஊருக்குப் போன அடுத்த சனிக்கிழமையே கழகத்துக்குப் போனேன். ஒரு கிழமைகூடப் பொறுக்க முடியவில்லை எனக்கு. ஒரு ரவையும் முட்டவில்லை, எல்லாம் ஒழுங்காக ஏறின. கடதாசியைக் கழற்றி எடுத்தால், நடுவில் வட்டம் வட்டமாக ஓட்டைகள். நண்பன் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட எனக்கு, அது வடிவாகத்தான் தெரிந்தது.