முள்ளுக்காரர் வீட்டுப் பீப்பாய்

மாத்தளை டவுனில் மர்சூக் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. முள்ளுக்காரர் என்று கேட்க வேண்டும். குன்றின் மேல் இருந்த ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒரு செம்பு மிதப்பு கிடக்கும். தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்கும். தாங்கியின் தலையில் மர்சூக் பூட்டிய பெட்டி, அந்த ஏற்ற இறக்கத்தைக் கம்பி வழியாக அடிவாரத்துப் பம்ப் அறைக்கு அனுப்பும். அங்கே ஒரு முள் அசையும். பெட்டிக்குள் மழை இறங்கினாலும் குளவி கூடு கட்டினாலும் முள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதைச் சரிசெய்வதற்கு 'முள் பார்க்கிறது' என்று பெயர்.

ஒருமுறை தாங்கி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் சேறு. முள்ளோ வெறும் தாங்கி என்று காட்டியபடி நின்றது. என் வாசலும் நாறிப்போனதால் நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுசன் மேலே ஏறி மிதப்பை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மிதப்பு தண்ணி குடிச்சிருச்சு, சவரியக்கா. அதான் முங்கிப் போச்சு," என்றார். ஊசிமுனை ஓட்டையாம். அவ்வளவுதான் அவருடைய வாய்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் மனைவி ஜெஸீமாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் முழுதாகவே போய்விட்டது. கண்டிக்குக் கொண்டுபோயும் கைவிரித்துவிட்டார்கள். சமையல், துணி துவைப்பு எல்லாம் தடவித் தடவியே பழகிக்கொண்டாள். பீப்பாய் ஒன்றுதான் அவளை வதைத்தது. சமைக்கிற குசினிக்கு வெளியே ஆள் உயரத்துக்கு நின்ற அந்தப் பீப்பாயில், காலையில் மட்டும் வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அறிய முக்காலி போட்டு ஏறித்தான் கை விடவேண்டும். ஒரு நாள் அப்படி ஏறி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது.

செய்தி பல்லேபொலவுக்குப் போய், அவளுடைய நானா புஹாரி வந்து நின்றார். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்த மனுசன், அதனால்தான் தொல்லை. "மர்சூக் பகலெல்லாம் மலையில. இவ தனியா வுழுந்து கெடந்தா யாரு பாப்பாங்க? நான் கூட்டிட்டுப் போறேன். அங்க மகாராணி மாதிரி இருக்கட்டும்," என்றார். "என் ஊட்ட வுட்டுட்டு நான் வரமாட்டேன், நானா," என்று ஜெஸீமா அழுதாள். கடைசியில், "பெருநாள் முடிய வாறேன். அப்பயும் இப்படித்தான்னா கார்ல ஏத்திருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மர்சூக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாளே கழித்துப்போட்ட பழைய மிதப்பு ஒன்றுக்கு ஈயம் பற்றவைத்துப் பீப்பாய்க்குள் விட்டார். அதில் கட்டிய கயிறு சின்னச் சக்கரம் ஒன்றின் மேலால் வெளியே வந்து, மரத்தில் செதுக்கிய முள்ளொன்றைத் தாங்கியது. பக்கத்துப் பலகையில் கையால் தடவி எண்ணும்படி வெட்டுகள். "முள்ளு கீழ இருந்தா நெறஞ்சிருக்கு. மேல இருந்தா காலி," என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவள் முக்காலி ஏறவில்லை.

பெருநாள் முடிந்து புஹாரி ஹயரிங் காரோடு வந்தார். கார்ச் சத்தம் கேட்டு நானும் அங்கே போய் நின்றேன். மர்சூக் மலையில் முள் பார்க்கப் போயிருந்தார். பிளேன்டீ ஊற்றுவதற்காக ஜெஸீமா பலகையைத் தடவினாள். கை அப்படியே நின்றுவிட்டது. முள் உச்சியில் இருந்தது.

புஹாரியும் பார்த்துவிட்டார். "காலியா? சொட்டுத் தண்ணி இல்லாம ஊடு நடத்துறியா? பொறப்படு புள்ள."

"கொஞ்சம் இருங்க, நானா." அவள் முள்ளைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள். "கனக்குது," என்றாள் தனக்குள். பிறகு பீப்பாயை அடியிலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, விளிம்புக்குக் கிட்ட நிறுத்தினாள். "தண்ணி இதுவரைக்கும் ஈக்கிது. முள்ளுதான் பொய் சொல்லுது. ஏறிப் பாருங்க."

புஹாரி நம்பாமல்தான் முக்காலியில் ஏறினார். மூடியைத் திறந்தார். தண்ணீர் விளிம்புவரை தளும்பியது. மிதப்பை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிய ஜெஸீமா, அவர் இறங்கியதும் அவருடைய முகத்தைத் தடவிக் காதைத் தேடிப் பிடித்து, அங்கே வைத்து ஆட்டினாள். களக் களக்.

"கேக்குதா நானா? மிதப்பு தண்ணி குடிச்சிருச்சு."

புஹாரி சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவள நான் எங்கன்னு கூட்டிட்டுப் போறது, சவரியக்கா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, காரை அனுப்பிவிட்டு வந்து குந்தி, ரெண்டு கோப்பை பிளேன்டீ குடித்தார். அதற்குப் பிறகுதான் ஜெஸீமா என் காதில் சொன்னாள்: "கட்டிலுக்குக் கீழ பெட்டி கட்டி வச்சிருக்கேன், அக்கா. உடுப்பையெல்லாம் அலுமாரில வச்சிருங்க. அவங்க மலையிலேருந்து வந்தா தெரிய வாணாம்." பாவி மகள், யாருக்கும் தெரியாமல் கட்டி வைத்திருக்கிறாள். அழுதுகொண்டேதான் அடுக்கினேன்.

மர்சூக் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவுடன் மேசை மேலிருந்த மிதப்பைத்தான் கண்டார். எடுத்து ஆட்டினார்.

"இத யாரு பாத்தது?" என்றார்.

"நான்தான் பாத்தேன்," என்றாள் ஜெஸீமா.