பெரியப்பாவின் பச்சைக் கேன்

விடியும் நேரத்தில் கீழவைப்பார்க் கரைக்கு ஒரு வாசனை உண்டு. கருவாடும் ஈரமணலும் கலந்த காற்றுக்குள் இஞ்சின் எண்ணெயின் கருகல் வாசனை மெல்ல நுழைந்துவிட்டால், பெரியப்பாவின் வள்ளம் புறப்பட்டுவிட்டது என்று கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரியும். போர்வைக்குள் கிடந்தபடி, அந்த வாசனை கரையை விட்டு விலகி விலகித் தேய்ந்துபோகிற வரைக்கும், பாதித் தூக்கத்தில் நானும் அவரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருப்பேன்.

பெரியப்பாவின் இஞ்சினுக்கு எங்கள் வீட்டில் "கிழவன்" என்று பெயர். உள்ளெல்லாம் தேய்ந்து இடைவெளி விழுந்துபோன அதற்கு, தேன் மாதிரி இழுபடும் கெட்டி எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளும். அதிலும் கொஞ்சத்தைக் குடித்துவிட்டு, நூல்போல நீலப்புகை விட்டுக்கொண்டேதான் ஓடும். தூரத்தில் அந்தப் புகை தெரிந்ததும் பெரியம்மா உலை வைப்பாள்.

அப்பா புது இஞ்சின் வாங்கியபோது தூத்துக்குடிக் கடைக்காரர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். புது இஞ்சினுக்குள் எல்லாம் நெருக்கமாக இருக்கும், மெல்லிய எண்ணெய்தான் இண்டு இடுக்கெல்லாம் சட்டென்று ஓடிச் சேரும், கெட்டி எண்ணெய் ஊற்றினால் சூடேறிவிடும் என்று சொல்லி, ஏற்ற எண்ணெயையும் கையோடு கொடுத்திருந்தார். அப்பா அதை ஞானோபதேசம் மாதிரி எங்களிடம் ஒப்பித்தார். ஆனால் வள்ளத்தில் எந்த இஞ்சின் வைத்தாலும் முதல் எண்ணெய் மூத்தவர் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். பெரியப்பா தன் பச்சைக் கேன் நிறையக் கெட்டி எண்ணெயோடு வந்து நின்றார். கடைக்காரர் கொடுத்ததை விரலால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, இது தண்ணி கெணக்கால்லா இருக்கு. இத நம்பியா கடலுக்குப் போவ?"

ஒப்பித்த பாடத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "சரிண்ணே, நீங்களே ஊத்துங்க" என்றார் அப்பா. அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாமென்று சொல்வது எப்படி என்று கடைக்காரர் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேன் காலியானது. "வெறும் கேனாக் குடுத்து அனுப்புனா நல்லாவா இருக்கும்ளா?" என்று சொல்லி, அம்மா அந்த மெல்லிய எண்ணெயை அதில் நிறைத்து என் கையில் கொடுத்தாள். குழம்பு வந்த கிண்ணத்தில் இரண்டு முறுக்காவது போட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஊரில் எண்ணெய்க் கேனுக்கு மட்டும் வேறு நியாயமா என்ன? தம்பி வீட்டிலிருந்து வந்ததாயிற்றே என்று பெரியப்பாவும், முணுமுணுத்துக்கொண்டே அதைக் கிழவனுக்கு ஊற்றிவிட்டார். இரண்டு வீட்டுப் பாசத்தில் இரண்டு இஞ்சினுக்கும் வயிறு கெட்டது.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஒவ்வொரு வள்ளமாகக் கரை சேர்ந்தது. அப்பாவையும் காணோம், பெரியப்பாவையும் காணோம். அம்மா கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கடலோ அலையே இல்லாமல், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பளபளவென்று கிடந்தது. அதன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. கூடவே பயமும்.

வெயில் சாயும்போது, கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் தீவுப் பக்கம் புகை தெரிந்தது. வழக்கமான நூல் இல்லை, வானத்தில் பாதியை மறைக்கிற புகை. அம்மா எழுந்து நின்றாள்.

"அந்தா, மூத்தவரு வாராரு... பொறத்தால இன்னொண்ணும் வருதுளா!"

அப்பாவின் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கிழவன் வந்தான். தீவைத் தாண்டியதும் புது இஞ்சின் சூடேறி நின்றுபோய், அப்பா நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தாராம். கிழவன் மெல்லிய எண்ணெயை மடமடவென்று குடித்துப் புகையாய்க் கக்கியதால், பெரியப்பா வலை போடாமலே திட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அந்தப் புகையைப் பார்த்துத்தான் அப்பா சட்டையைத் துடுப்பில் கட்டி வீசியிருக்கிறார். மெல்ல இழுத்துவரத்தான் இவ்வளவு நேரமாம்.

பெரியப்பா சிவந்த கண்ணோடு கரையில் இறங்கினார். "நீ குடுத்த எண்ணெய் என் இஞ்சினக் கெடுத்துட்டு தாயி. கெடுக்கலன்னா நான் திரும்பியிருக்க மாட்டேன், இவனப் பாத்திருக்கவும் மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் துண்டால் தம்பியின் வியர்த்த தலையைத் துவட்டிவிட்டார். அப்பா சின்னப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எந்த இஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்று இருவருக்கும் புத்தி வந்தது. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. "தண்ணி" என்று வைதுகொண்டே பெரியப்பா தூத்துக்குடியிலிருந்து தம்பிக்கு மெல்லிய எண்ணெய் வாங்கி வருவார். அதே கேனில் கெட்டி எண்ணெய் நிறைத்து அப்பா திருப்பி அனுப்புவார். அவரவர் எண்ணெயை அவரவரே வாங்கிக்கொள்ளலாமே என்று யாரும் வாய் திறந்ததில்லை.

நான் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றப் போனால், வண்டி எந்த வருடத்தது என்று கேட்டுப் பொருத்தமான பாட்டிலை எடுத்துவிடுகிறார்கள். கீழவைப்பாரில் எந்த வள்ளமும் புகைவதில்லை. கரைக்கு வருவதைச் செல்போனில் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். பெரியப்பா போய்ச் சேர்ந்தார். கிழவனும் காயலான் கடைக்குப் போனான்.

அவர் இறந்த அன்று பச்சைக் கேன் எங்கள் வீட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்க அப்பா அதை முந்தின நாளே நிறைத்து வைத்திருந்தார். அந்தக் கெட்டி எண்ணெய் அப்பாவின் இஞ்சினுக்கு ஆகாது. வேறு யாருக்கும் கொடுக்க அவருக்கு மனமும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுப்படி மூலையில் அதைத் தூக்கிப் பார்ப்பேன். இன்னும் நிறைகேனாகவே இருக்கிறது.